பிள்ளைகளிடம் பாடம் கற்ற வைத்தியர்: மரியா மொண்டிசோரி

தலவாக்கலை நகரிலிருந்து ஹட்டன் பக்கமாகவோ நுவரெலியா பக்கமாகவோ பஸ்ஸில் செல்லும்போது வீதியோரப் பெயர்ப்பலகைகளைக் கவனித்தால் ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் காணலாம். மொண்டிசோரி என்பதே அச்சொல். நமது நாட்டில் அது முன்பள்ளிக்கு இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது. பிள்ளையை மொண்டிசோரியில் சேர்த்தாயிற்றா என்றுதான் தாய்மார் ஒருவரை ஒருவர் விசாரிக்கின்றனர். ஆனால் அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்பதையும், அப்பெண் ஒரு வைத்தியர் என்பதையும், உலக யுத்தக் காலத்தில் தமிழ்நாட்டின் மலையொன்றில் தங்கியிருந்து நமது இலங்கைக்கும் வந்து சென்றவர் என்பதையும் அறிந்தவர்கள் மிகக் குறைவு. அப்பெயருக்கு உரியவரின் வாழ்க்கையையும், ஒரு பிள்ளை எவ்வாறு கற்கிறது, எவ்வாறு சிந்திக்கத் தொடங்குகிறது என்பது பற்றி அவர் கண்டறிந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ, அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலையோடு தொடர்புடைய ஓர் உத்தியோகத்தர். தாய் ரெனில்டே வாசிப்பில் பேரார்வம் கொண்டவர். மரியாவுக்கு ஐந்து வயதளவில் குடும்பம் தலைநகர் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்து இத்தாலியில் பெண் பிள்ளைகள் ஓரளவு படித்து ஆசிரியைகளாவதே பெரிய காரியமாக இருந்தது. மரியாவோ 13 வயதில் ஆண்களுக்குரிய தொழினுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். முதலில் பொறியியலாளராக விரும்பினார். பின்னர் அவரது மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாய் மட்டும் மகளின் பக்கம் உறுதியாக நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் அவருக்கு நேர்ந்த சோதனைகள் கொஞ்சமல்ல. ஆண் மாணவர்களுடன் ஒன்றாக நின்று மனித உடலை அறுத்துப் படிப்பது ஒரு பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டது. ஆகவே மற்றவர்கள் எல்லோரும் சென்ற பின்னர், மாலை நேரத்தில், பிணங்கள் கிடத்தப்பட்ட அறையில் தனியாக நின்று அவர் படிக்க வேண்டியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு 1896இல் வைத்தியராகப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லினில் நடைபெற்ற சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்கு இத்தாலியின் பிரதிநிதியாகச் சென்று, ஒரே வேலையைச் செய்யும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி வழங்கப்பட வேண்டும் என்று வாதாடினார். பெண்களின் கைகளால் கொழுந்து பறித்து வாழும் நமது மலைநாட்டிலிருந்து பார்க்கும்போது, 26 வயதான அந்த இளம் வைத்தியரின் வாதம் நமக்கும் உரியதாகவே தோன்றுகிறது.

பட்டம் பெற்ற பின் பல்கலைக்கழகத்தின் மனநோய்ச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றினார். அந்நாளில் மூளை வளர்ச்சி குன்றிய சிறுவர்களைப் பெரியவர்களான மனநோயாளருடன் சேர்த்து விடுதிகளில் அடைத்து வைத்திருந்தனர். அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவரது வரலாற்றை எழுதியோர் தவறாது குறிப்பிடுவர். சாப்பாடு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் ஊர்ந்து பாண் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர். பராமரிப்பாளர் அதனை வெறும் பேராசை என்று வெறுப்புடன் சொன்னார். மொண்டிசோரி சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு வேறு எந்தப் பொருளும் இருக்கவில்லை. அவர்களுடைய பசி வயிற்றில் இல்லை, விரல்களில் இருக்கிறது என்பது அவருக்கு அப்பொழுது விளங்கியது. கைக்கு வேலை கிடைக்காத பிள்ளையின் மனமும் வளர்வதில்லை என்ற எண்ணம் அன்றே அவரிடம் வேர்கொண்டது.

இதன் பின்னர் அவர் இட்டார், செகேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர்கள் இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். புலன்களைப் பயிற்றுவதன் மூலம் பின்தங்கிய பிள்ளைகளையும் முன்னேற்றலாம் என்று அவர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தனர். 1900ஆம் ஆண்டில் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு கல்விக்கூடத்தை நடத்தும் பொறுப்பு மொண்டிசோரிக்குக் கிடைத்தது. பகல் முழுவதும் பிள்ளைகளுடன் இருந்து, இரவில் தாம் கண்டவற்றைக் குறித்து வைத்தார். அவரிடம் பயின்ற சிலர் சாதாரணப் பிள்ளைகளுக்கான எழுத்து, வாசிப்புப் பரீட்சைகளில் சித்தியடைந்தனர். எல்லோரும் அவரைப் புகழ்ந்தனர். அவரை வேறொரு கேள்வி வாட்டியது. குறைபாடுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வர முடியுமானால், சுகதேகிகளான சாதாரணப் பிள்ளைகள் இதே பரீட்சையோடு மட்டும் நின்றுவிடுவது ஏன்? அவர்களைப் பாடசாலைகள் எங்கே தடுத்து வைத்திருக்கின்றன? இக்கேள்விக்கு விடை காண்பதற்காக அவர் மீண்டும் மாணவியாகிப் பல்கலைக்கழகத்தில் உளவியலும் மெய்யியலும் பயின்றார்.

அவருடைய சொந்த வாழ்வில் ஒரு பெரிய துயரமும் இருந்தது. 1898இல் அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். பிள்ளையின் தந்தையான சக வைத்தியருடன் அவருக்குத் திருமணம் நடக்கவில்லை. அக்காலச் சமூகத்தில் இது வெளியே தெரிந்தால் அவரது தொழில் முழுவதும் அழிந்துவிடும் என்ற நிலை. ஆகவே குழந்தை கிராமப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். மாரியோ பதின்ம வயதை அடைந்த பிறகே தாயுடன் வந்து சேர்ந்தார். உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் நுணுகி நோக்கிய ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் முதல் அடியை, முதற் சொல்லைப் பார்க்கும் பாக்கியம் கிட்டவில்லை. இவரது வாழ்க்கையை வாசிக்கும் எவரும் இந்த இடத்தில் சற்று நின்றே கடந்து செல்வர்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி அவரது வாழ்வில் மட்டுமல்லாது கல்வி வரலாற்றிலும் முக்கியமான ஒரு நாள். ரோமின் சான் லொரென்ஸோ பகுதி ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய தொடர்மாடிகளைத் திருத்திக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. தாயும் தகப்பனும் விடியற்காலையில் வேலைக்குச் சென்றுவிடுவர். பாடசாலை செல்லும் வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கிறுக்கிப் பழுதாக்கினர். கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டுமானால் இப்பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்குமாறு மொண்டிசோரியிடம் கேட்டனர். ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாத ஒரு பெண் உதவியாளர். இதுவே பிள்ளைகளின் இல்லம் என்று பெயர் பெற்ற அந்த நிலையத்தின் தொடக்கம்.

இதனை வாசிக்கும்போது நம் தோட்டங்களின் நினைவு வராமல் இருக்காது. லயத்தில் வாழும் தாய் காலையில் மலைக்குச் செல்வாள். கைக்குழந்தையும் தத்தி நடக்கும் பிள்ளையும் பிள்ளை மடுவத்தில் விடப்படும். தொட்டிலை ஆட்டவும் பால் கொடுக்கவும் ஓர் ஆயா இருப்பார். தாய் நிம்மதியாகக் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதே அம்மடுவங்கள் கட்டப்பட்டதன் முதற் காரணம். பிள்ளையின் அறிவு வளர்ச்சி பின்னர் வந்த சிந்தனை. இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று அழைக்கப்படுகின்றன. சான் லொரென்ஸோவும் அப்படித்தான் தொடங்கியது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே காவல் காக்க வந்தவர் கவனித்துப் பார்க்கவும் தெரிந்தவராக இருந்தார்.

அவர் முதலில் செய்தவை மிக எளிய காரியங்கள். பெரியவர்களின் வாங்குகளை விடுத்து, பிள்ளைகளே தூக்கி வைக்கக்கூடிய சிறிய மேசைகளும் கதிரைகளும் செய்வித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் தாம் தயாரித்திருந்த மரக் கட்டைகள், உருளைகள், வண்ண வில்லைகள் ஆகியவற்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பின் குறுக்கிடாமல் கவனித்தார். அங்கே அவர் கண்ட காட்சிகளே பின்னாளில் அவரது கோட்பாடுகளாயின.

சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடிந்ததும் வெளியே எடுத்துக் கலந்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். மொண்டிசோரி எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடவைத்தார். அவளைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்த பின்னர், நல்ல நித்திரையிலிருந்து விழித்தவள் போல மகிழ்ச்சியுடன் எழுந்தாள். சிறு பிள்ளைகளால் ஒன்றில் மனத்தை ஊன்ற முடியாது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தனர். தன் வளர்ச்சிக்குத் தேவையான வேலை கையில் கிடைத்தால் பிள்ளை ஆழ்ந்து கவனிக்கும் என்பதும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதன் மூலம் தன் மனத்தைத் தானே கட்டியெழுப்புகிறது என்பதும் அன்று புலப்பட்டன.

இன்னொரு நாள், பொருட்கள் வைக்கும் அலுமாரியைப் பூட்ட உதவியாளர் மறந்துவிட்டார். அவர் வந்து பார்த்தபோது பிள்ளைகள் தத்தமக்கு வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். உதவியாளருக்கு இது களவாகத் தெரிந்தது. தமக்கு எது தேவை என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்கின்றனர் என்பது மொண்டிசோரிக்குத் தெரிந்தது. அன்று முதல் பூட்டிய அலுமாரிகளுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. உலகின் முன்பள்ளிகளில் நாம் காணும் தாழ்ந்த தட்டுகளின் கதை இதுதான்.

எழுத்தைக் கற்பித்த முறையும் கவனிக்கத்தக்கது. சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை அதன்மேல் விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து எழுத்தைக் கற்கும். அதே ஆண்டின் குளிர்காலத்தில் வெயில் எறித்த ஒரு நாள், மொட்டை மாடியில் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் புகைபோக்கியின் படத்தைச் சோக்கால் வரையச் சொன்னார். வரைந்து முடித்த பையன் திடீரென்று ஒரு சொல்லை எழுதினான். பின்னர் இன்னொன்று. தன்னால் எழுத முடிகிறது என்று கூவினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து எழுதத் தொடங்கினர். எவரும் அவர்களைக் கொப்பியில் நூறு தடவை எழுதச் செய்யவில்லை. விரல்கள் முன்னமே ஆயத்தமாகியிருந்தன. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர் என்பதை நினைக்கும்போது, இந்த வழி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பது விளங்கும்.

1909இல் அவரது முதலாவது கல்வி நூல் வெளிவந்தது. விரைவிலேயே அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1915இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட ஒரு வகுப்பறை அமைக்கப்பட்டது. மக்கள் வெளியே நின்று பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்தனர். எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்கக் கல்வியியலாளர் கில்பாட்ரிக் 1914இலேயே அவரது முறையைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதினார். ஒரே விதமாகப் பயன்படுத்த வேண்டிய பொருட்கள் கற்பனைக்கும் கூட்டு விளையாட்டுக்கும் இடமளிப்பதில்லை என்பது அவ்விமர்சனங்களின் சாரம். அதில் நியாயம் சிறிதும் இல்லை என்று நாம் தள்ளிவிட முடியாது.

அவரது வாழ்வில் விவாதத்துக்குரிய இன்னொரு பக்கமும் உண்டு. 1924 முதல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அவருடைய பாடசாலைகளுக்கு ஆதரவளித்தார். மொண்டிசோரியும் அதனை ஏற்றார். பாடசாலைகள் பெருகும் என்று நம்பினார். ஆனால் பிள்ளைகளைச் சீருடை அணிந்த சிப்பாய்களாக்க விரும்பிய ஆட்சிக்கும், பிள்ளை தானாகத் தெரிவு செய்ய வேண்டும் என்ற கொள்கைக்கும் எவ்வளவு காலம் ஒத்துப்போகும்? 1934அளவில் உறவு முறிந்தது. இத்தாலியில் அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. அவர் ஸ்பெயினின் பார்சிலோனாவில் தங்கியிருந்தார். 1936இல் அங்கும் உள்நாட்டு யுத்தம் மூளவே நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். அதன் பின்னர் சமாதானம் என்பது பிள்ளைப் பருவத்திலேயே தொடங்க வேண்டிய கல்வி என்று ஊர் ஊராகப் பேசினார்.

1939இல் அவரைத் தமிழ் மண் அழைத்தது. அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேல் விடுத்த அழைப்பு அது. அவரது மனைவி ருக்மிணி தேவி, கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவர். இலங்கையில் பௌத்த பாடசாலைகள் தோன்றக் காரணமாயிருந்த ஒல்கொட், இச்சபையின் முதலாவது தலைவர் என்பது நாம் வரலாற்றுப் பாடத்தில் அறிந்ததே. நவம்பர் மாதம் மொண்டிசோரியும் மாரியோவும் சென்னை வந்து சேர்ந்தனர். அப்போது அவருக்கு வயது 69. ஏறத்தாழ முந்நூறு பேர் அவரிடம் பயில வந்தனர். அவர் இத்தாலிய மொழியில் விரிவுரையாற்ற, மாரியோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்கள் மட்டும் தங்கும் எண்ணத்துடனேயே வந்திருந்தார். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் இருந்த இத்தாலியர் எல்லோரும் எதிரி நாட்டவராயினர். மாரியோ அஹமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மொண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறாமல் தடுக்கப்பட்டார். அவருடைய எழுபதாவது பிறந்த நாளான ஓகஸ்ட் 31ஆம் திகதி அரசாங்கத்திடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுவிப்பதாக அதில் அறிவிக்கப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உறவினன், வளர்ப்புப் பிள்ளை என்றெல்லாம் உலகுக்குச் சொல்லி வந்த ஒருவரை, மகன் என்றே குறிப்பிட்டு ஓர் அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது. அந்த ஒரு சொல் அந்தத் தாய்க்கு எவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னர் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ அவருக்கு வாய்த்தது. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், நமது நுவரெலியாவைப் போலவே குளிரும் பனிமூட்டமும் ஓடைகளும் நிறைந்த ஊர் அது. அங்கே பல நாட்டுப் பிள்ளைகள் கலந்திருந்த ஒரு சிறிய பள்ளியை நடத்தினார். அடையாற்றில் பயின்ற இலங்கை ஆசிரியை லேனா விக்கிரமரத்ன இப்பணியில் அவருக்குத் துணையாயிருந்தார். இலைகளின் வடிவங்கள், பூச்சிகள், கற்கள், நீரோட்டம் என்று மலையே பாடப்புத்தகமாயிற்று. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உலகம் முழுவதையும் ஒன்றோடொன்று தொடர்புடைய ஒரே கதையாகக் காட்ட வேண்டும் என்ற அவரது எண்ணம் இம்மலையிலேயே முதிர்ந்தது. 1944இல் அவருக்கு நடமாடும் சுதந்திரம் கூடியபோது இலங்கைக்கும் வந்தார். அடுத்த ஆண்டு, 1945 ஒக்டோபரில், கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோட்டத்துப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வருவதற்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி அவரது கோட்பாட்டைச் சற்றுத் தொகுத்துப் பார்ப்போம். பிறந்தது முதல் ஆறு வயது வரை பிள்ளையின் மனம் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போலச் சூழலை உறிஞ்சுகிறது என்பது அவரது முதற் கருத்து. தலவாக்கலைக் கடைவீதியில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை வீட்டில் தமிழும் பக்கத்துக் கடையில் சிங்களமும் எவரும் கற்பிக்காமலே பேசுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதே மொழியைப் பெரியவராகிக் கற்க முயல்பவர் இலக்கணப் புத்தகத்துடன் போராடுகிறார். இரண்டாவது கருத்து, ஒவ்வொரு திறனுக்கும் உரிய பருவம் ஒன்று உண்டு என்பது. ஒழுங்கை நாடும் பருவம், சிறிய பொருட்களில் ஈர்ப்புக் கொள்ளும் பருவம், மொழிப் பருவம் என்று அவர் இவற்றைப் பிரித்தார். மூன்றாவது, கையே அறிவின் கருவி என்பது. தேயிலைத் தொழிற்சாலையில் பல அளவுச் சல்லடைகள் தூளைப் பருமன்படி தரம் பிரிப்பதைப் பார்த்திருப்போம். அவரது மரக் கட்டைகளும் அப்படித்தான். பருமன், நீளம், நிறம், பாரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையில் கொடுக்கின்றன. பிழையாக வைத்தால் கட்டை பொருந்தாது. பிழையைச் சொல்ல ஆசிரியரின் அதட்டல் தேவைப்படாது.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜோன் பியாஜே இதனை மேலும் ஆராய்ந்தார். அந்நாட்டு மொண்டிசோரிச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர் அவர். பிள்ளைகள் பெரியவர்களை விடக் குறைவாகச் சிந்திப்பவர்கள் அல்லர், வேறு விதமாகச் சிந்திப்பவர்கள் என்பது அவரது முடிவு. ஒரே அளவான இரண்டு கோப்பைகளில் பிளேன்டீ ஊற்றி, ஒன்றை ஒடுங்கிய உயரமான கிளாஸில் மாற்றிப் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை உயரமான கிளாஸில்தான் கூட இருக்கிறது என்று சொல்லும். ஏழு, எட்டு வயதில் அதே பிள்ளை இக்கேள்வியைக் கேட்டுச் சிரிக்கும். இடையில் அதற்கு எவரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். ஊற்றியும் அளந்தும் விளையாடிய கைகளின் அனுபவம் சிந்தனையாக மாறியிருக்கும். ரஷ்யாவின் வைகோட்ஸ்கி மற்றொரு பக்கத்தைக் காட்டினார். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்த ஒருவரின் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியிலேயே கற்றல் நிகழ்கிறது என்றும், பேச்சும் பிறர் உறவுமே சிந்தனையை வளர்க்கின்றன என்றும் அவர் விளக்கினார். மொண்டிசோரியின் ஆசிரியர் ஒதுங்கி நின்று கவனிப்பவர். வைகோட்ஸ்கியின் ஆசிரியர் கைகொடுப்பவர். நல்ல ஆசிரியைக்கு எப்போது ஒதுங்க வேண்டும், எப்போது கைகொடுக்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யுத்தம் முடிந்து 1946இல் மொண்டிசோரி ஐரோப்பா திரும்பினார். அதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றியிருந்தார் என்பர். அடுத்த ஆண்டே மீண்டும் சென்னை வந்தார். அஹமதாபாத்தில் ஆற்றிய விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்ட, உறிஞ்சும் மனம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது. அவ்வாண்டில் புதிதாகப் பிறந்த பாகிஸ்தானின் கராச்சி நகரிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டார். பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் நோர்ட்விக் கடற்கரையூரில் தமது 81ஆவது வயதில் காலமானார். அன்றைய கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்குச் சென்று பயிற்சியளிப்பது பற்றி மாரியோவுடன் பேசிக்கொண்டிருந்த சிறிது நேரத்திலேயே அவரது உயிர் பிரிந்தது. இறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் ஒரு கத்தோலிக்கர். ஆயினும் அறிவைத் தேடுவதைக் கடமையாகக் கொண்ட, முதன்முதலில் இறங்கிய வசனங்களிலேயே வாசிப்பையும் எழுதுகோலையும் நினைவூட்டிய மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு அவருடைய உழைப்பு அந்நியமானதாகாது. பிள்ளை என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நாம் நம்புகிறோம். அந்த அமானிதத்தைப் பொறுமையுடன் கவனித்துப் பார்க்கும் வழியை அவர் காட்டினார்.

ஆனால் அவரது பெயர் இன்று என்ன நிலையில் இருக்கிறது? அமெரிக்காவில் 1967இலேயே மொண்டிசோரி என்பது எவருக்கும் தனியுரிமையற்ற பொதுச்சொல் என்று தீர்மானிக்கப்பட்டது. எவரும் அதனைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அப்பலகைக்குப் பின்னால் மூன்று வயதுப் பிள்ளை கை கட்டி அமர்ந்திருக்கலாம். கொப்பியில் பக்கம் பக்கமாக எழுத்துகளை எழுதிக்கொண்டிருக்கலாம். அவரது பொருட்களை வாங்கப் பெரும் பணம் வேண்டும் என்பதால் மொண்டிசோரி என்றாலே வசதியுள்ளோரின் பிள்ளைகளுக்குரியது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில், கவனிப்பாரற்ற பிள்ளைகளிடமிருந்து பிறந்த கல்வி, அத்தகைய பிள்ளைகளுக்கே எட்டாத உயரத்தில் போய் அமர்ந்துவிட்டதே என்பதுதான் வருத்தத்துக்குரியது.

அதனைக் கீழே இறக்கிவைப்பது அவ்வளவு கடினமன்று. பலவகை விதைகள், ஆற்றுக் கற்கள், வெவ்வேறு துணித் துண்டுகள், மூடியுள்ள பழைய தகரப் பேணிகள், மணல் பரப்பிய ஒரு தட்டு ஆகியன எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். அவற்றைப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டு, அவசரப்படாமல் பார்த்திருக்கும் ஒருவர்தான் கிடைப்பது அரிது. உயர்தரம் முடித்த பின் நம்மில் எத்தனையோ சகோதரிகள் முன்பள்ளி ஆசிரியைகளாகச் செல்கின்றனர். ஊதியம் குறைவு, மதிப்பும் குறைவு என்று பலர் அத்தொழிலை இரண்டாந்தரமாக நினைக்கின்றனர். மருத்துவப் பட்டம் பெற்ற, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய ஒரு பெண், அவற்றையெல்லாம் விட்டுவிட்டு மூன்று வயதுப் பிள்ளையின் அருகே தாழ்ந்த கதிரையில் அமர்ந்து பார்ப்பதையே தம் வாழ்நாள் பணியாகத் தெரிந்துகொண்டார். நாளை ஒரு பிள்ளை மடுவத்திலோ முன்பள்ளியிலோ பணியாற்றப் போகும் சகோதரி, தான் செய்யும் வேலை எத்தகையது என்பதை அறிய இந்த ஒரு செய்தியே போதுமானது.